மெனுவில் ஒரு பழைய வரி

(எமது வானொலியின் கணினிப் பகுதியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம். கட்டளைகளை எழுதித் தரும்படி கேட்ட நேயர்களுக்காக அவற்றின் ஒலிப்பும் இங்கே சேர்க்கப்பட்டுள்ளது.)



இன்று நான் பேச வந்திருப்பது ஒரு சிறிய பட்டியலைப் பற்றி. லினக்ஸ் உள்ள கணினியைப் போட்டவுடன் சில விநாடிகள் திரையில் வந்து நின்றுவிட்டுப் போகும் பட்டியல் அது. உபுண்டு பாவிப்பவர்கள் கத்தரிப்பூ நிறத் திரையில் வெள்ளை எழுத்தில் அதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதைப் பார்த்தும் இருக்க மாட்டீர்கள், ஏனென்றால் கணினியில் ஒரே ஓர் இயங்குதளம் இருந்தால் உபுண்டு அதைக் காட்டாமலே கடந்து போய்விடும்.

வீட்டில் விண்டோஸ் வைத்திருப்பவர்கள் உடனே வேறு வேலை பார்க்கப் போய்விடாதீர்கள். இந்தக் கதையின் நடுவில் 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமைக் காலை வருகிறது. அன்று எமது வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: பாட்டே இல்லாமல் ஒரு காலை போனது. அதற்குக் காரணம் நான். இதுவரை ஒலிவாங்கிக்கு முன்னால் அதை நான் சொன்னதில்லை.

முதலில் கெர்னல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தமிழில் கருனி என்று எழுதுவோரும் உண்டு. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்று பொருள். மாங்கொட்டையை உடைத்தால் உள்ளே பருப்பு இருக்கிறதல்லவா, அதுதான். நாம் திரையில் பார்க்கும் படங்கள், பொத்தான்கள் எல்லாம் வெளியே இருக்கும் சதையும் தோலும். வன்தட்டோடும் விசைப்பலகையோடும் ஒலி அட்டையோடும் நேரடியாகப் பேசுவது உள்ளே இருக்கும் இந்தப் பருப்புத்தான். பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கியது இந்தப் பருப்பை மட்டுமே. சுற்றியுள்ள மற்றவை பலரிடமிருந்து வந்து சேர்ந்தவை.

கணினியைப் போட்டதும் இந்தக் கெர்னலைத் தேடி எடுத்து நினைவகத்தில் ஏற்றுவதற்கு ஒருவர் வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் கிரப். 1995இல் எரிக் போலின் என்பவர் ஹேர்ட் என்ற வேறொரு இயங்குதளத்தை ஏற்றிப் பார்ப்பதற்காக எழுதத் தொடங்கியது, பின்னர் லினக்ஸ் உலகம் முழுவதும் பரவிவிட்டது. அதற்கு முந்தியவர் லிலோ. லிலோவோடு நான் அதிகம் பழகவில்லை, பழகியவர்கள் நொந்துபோய்த்தான் பேசுவார்கள். வட்டில் கெர்னல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அது முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளும். புதுக் கெர்னல் போட்டுவிட்டு லிலோவை மறுபடி ஓடவிட மறந்தால் மறுநாள் கணினி எழும்பாது. கிரப் அப்படியல்ல. வட்டில் உள்ள அடைவுகளைத் தானே படித்து, கோப்பைப் பெயர் சொல்லித் தேடி எடுக்கக் கூடியது.

இனிப் பட்டியலுக்கு வருவோம். லினக்ஸில் ஒரு புதிய கெர்னல் வரும்போது அது பழையதன் மேல் எழுதப்படுவதில்லை. பக்கத்தில் தனியாகப் போய் அமர்கிறது. ‘பூட்’ என்ற அடைவில் ஒவ்வொன்றும் தன் எண்ணோடு இருக்கும். ஆறு மாதம் ஒழுங்காகப் புதுப்பித்து வந்தால், கூட்டித் துடைக்காத வீட்டில் அங்கே நாலைந்து சேர்ந்துவிடும். கிரப்பின் பட்டியலைத் தயாரிக்கும் நிரல் அந்த அடைவைத் திறந்து பார்த்து, என்னென்ன கெர்னல்கள் இருக்கின்றனவோ அவற்றையெல்லாம் ஒவ்வொரு வரியாக எழுதும், புதியது மேலே, பழையது கீழே. எமது கலையகத்தில் அலுமாரியில் உள்ள ஒலிநாடாக்களைப் பார்த்துச் சுவரில் உள்ள பலகையில் தலைப்புகளை எழுதி வைத்தோமே ஒரு காலத்தில், அதுபோல. பலகையில் ஒரு தலைப்பை அழித்தால் நாடா போய்விடாது. ஆனால் நாடாவை எறிந்துவிட்டால், அடுத்த முறை பலகை எழுதும்போது அந்தத் தலைப்பும் இல்லாமல் போகும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்திருங்கள். நான் வைத்திருக்கவில்லை.

எமது ஒலிபரப்புக் கணினியில் அப்போது உபுண்டு 18.04 இருந்தது. பக்கத்தில் யாரோ ஒரு காலத்தில் போட்ட விண்டோஸும் இருந்தது. ஆகவே கணினியைப் போட்டால் பட்டியல் பத்து விநாடி நிற்கும். முதல் வரி உபுண்டு. இரண்டாவது, உபுண்டுவின் மேலதிகத் தெரிவுகள் என்ற உட்பட்டியல், பழைய கெர்னல்கள் எல்லாம் அதற்குள்ளே. அதற்குக் கீழே நினைவகச் சோதனை என்று இரண்டு வரி. கடைசியில் விண்டோஸ்.

சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சியைச் செய்பவரை உங்களுக்குத் தெரியும். நாங்கள் எல்லாரும் மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவர். அந்த யூலை மாதத்தில் ஒருநாள் விடிய ஆறேகாலுக்கு எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, நித்திரையைக் குழப்பிப்போட்டன் போல. இது நீலத் திரையில ஏதோ கணக்குச் செய்துகொண்டிருக்குது. நூறு வீதம் முடிஞ்சு திரும்பவும் முதலில இருந்து துவங்குது. எவ்வளவு நேரம் எடுக்கும்?”

“எப்ப துவங்கினது மாஸ்ரர்?”

“அஞ்சரைக்கு. கணக்குத்தானே, முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்.”

விசைப்பலகையைத் துடைக்கும்போது கீழம்புக்குறி அழுத்துப்பட்டு, நினைவகச் சோதனை தொடங்கிவிட்டது. அது நாம் நிறுத்தும்வரை நிற்காது. ஒரு சுற்று முடிந்தால் அடுத்த சுற்று. எஸ்கேப் விசையை அழுத்தச் சொன்னேன். அன்று ஒலிபரப்பு சரியாக ஆரம்பமானது, ஆனால் மாஸ்ரர் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் எழும்பிக் கேட்டார்: “ஒரு ஆளுக்கு ஒரு கதவு போதாதே? ஏன் தம்பி ஐஞ்சு கதவு?” எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அவர் கேட்டதைச் செய்வதற்குச் சுலபமான வழி இருந்தது. பட்டியலைத் தயாரிக்கும் நிரல் பல துண்டுகளாக ‘ஈடிசி’ அடைவுக்குள் ‘கிரப் புள்ளி டி’ என்ற அடைவில் இருக்கிறது. ஒவ்வொரு துண்டின் பெயருக்கும் முன்னால் ஓர் எண். 10 லினக்ஸ் கெர்னல்களுக்கு, 20 நினைவகச் சோதனைக்கு, 30 மற்ற இயங்குதளங்களைத் தேடுவதற்கு. 20ஆம் துண்டின் இயங்கும் அனுமதியை எடுத்துவிட்டால் நினைவகச் சோதனை பட்டியலில் வராது. கோப்பு அழியாது, வேண்டுமென்றால் அனுமதியைத் திருப்பிக் கொடுக்கலாம். விண்டோஸைத் தேடாதே என்று சொல்வதற்கும் ஒரு வரி போதும். பிறகு ‘அப்டேட் கிரப்’ என்ற கட்டளை. இவ்வளவுதான். இதைச் செய்துவிட்டு நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி. நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது. பக்கத்து அறையிலிருந்து வலையமைப்பு வழியாக அந்தக் கணினிக்குள் போய் வேலை செய்தேன். மாஸ்ரர் சொன்ன கதவுகளை மூடியபின், உட்பட்டியலையும் ஒருக்கால் பார்த்தேன். நாலு கெர்னல்கள். 4.18 வரிசையில் மூன்று, அதற்கு மேலே 5.0. என் மனதில் இருந்த எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன்: வந்த வேலை முடிந்தது, இதையும் சேர்த்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டால் என்ன? பழையவை மூன்றையும் நீக்கும்படி கட்டளை கொடுத்தேன்.

கணினி ஒரு கேள்வி கேட்டது. நீ இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலையே நீக்கப் பார்க்கிறாய், இந்த நீக்கத்தைக் கைவிடவா என்று. வேண்டாம், நீக்கு என்றேன். புதியது இருக்கும்போது பழையது எதற்கு?

அங்கேதான் பிழை. அந்த 5.0 கெர்னல் தானியங்கிப் புதுப்பிப்பில் வந்து இறங்கியிருந்ததே தவிர, அதில் அந்தக் கணினி ஒரு தடவையாவது எழும்பியதில்லை. பல வாரங்களாக அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது 4.18. நான் பழையது என்று நினைத்து எறிந்ததுதான் வேலை செய்யும் என்று நிரூபித்த கெர்னல். நான் வைத்துக்கொண்டது யாரும் ஏறிப் பார்க்காத வாகனம். நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்ததால் கணினியை மறுபடி எழுப்பிப் பார்க்கவும் முடியவில்லை. பத்து மணிக்கு நிகழ்ச்சி முடிய, அறிவிப்பாளர் கணினியை அணைத்துவிட்டு விளக்கை நூர்த்துப் போனார். புதுப்பிப்புகள் முடிந்துவிட்டன, இனி அணைத்துப் போகலாம் என்று அவருக்குச் சொன்னதும் நான்தான்.

எமது கலையகத்தின் ஒலி அட்டை ஒலிபரப்புக்கென்று செய்யப்பட்ட ஒன்று. அதற்கான இயக்கி மென்பொருள் லினக்ஸ் கெர்னலுக்குள் இல்லை, வெளியே தனியாக வருவது. ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அதன் அளவுக்கு ஏற்றபடி இந்த இயக்கியைப் புதிதாகத் தைத்துப் போட வேண்டும். அதற்கு டி.கே.எம்.எஸ். என்று ஒரு தானியங்கித் தையல்காரர் இருக்கிறார். 4.18 வரை அவர் ஒழுங்காகத் தைத்தார். 2019 மார்ச்சில் வெளிவந்த 5.0இல் கெர்னலுக்குள் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள்: நிரலாளர்கள் பரவலாகப் பாவிக்கும் ஓர் உட்செயற்பாட்டுக்கு அதுவரை மூன்று விபரங்கள் கொடுக்க வேண்டியிருந்தது, அதை இரண்டாகக் குறைத்தார்கள். கெர்னலுக்குள் இருக்கும் இயக்கிகளை அவர்களே திருத்திவிட்டார்கள். வெளியே இருந்தவை பல அந்த இடத்தில் முறிந்தன. எங்களுடையதும் முறிந்தது. தையல்காரர் தன் குறிப்பேட்டில் தைக்க முடியவில்லை என்று எழுதி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அந்தக் குறிப்பேட்டை யாரும் திறந்து பார்க்கவில்லை.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். 4.20க்குப் பிறகு 5.0 என்று எண் பாய்ந்ததைப் பார்த்துப் பெரிய மாற்றம் என்று பலர் நினைத்தார்கள். டோர்வால்ட்ஸ் அதற்குப் பொருள் ஒன்றும் இல்லை, எண்ணுவதற்குக் கைவிரலும் கால்விரலும் முடிந்துவிட்டன என்று வேடிக்கையாக எழுதினார். எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், எண்ணைப் பார்த்து நம்பவும் வேண்டாம்.

சனிக்கிழமை விடிய மாஸ்ரர் வந்து கணினியைப் போட்டார். பட்டியல் இல்லை. ஐந்து கதவும் இல்லை, நேரே உள்ளே போயிற்று. சந்தோஷப்பட்டிருப்பார். ஆறு மணிக்குத் தொடக்க இசையை அழுத்தினார். திரையில் கோடுகள் ஆடின, ஒலி இல்லை.

அவருடைய ஒலிவாங்கி கணினி வழியாகப் போவதில்லை, கலவை மேசைக்கு நேரே போவது. ஆகவே அவர் பேசினார். தேவாரம் ஒன்றைத் தானே பாடினார். செய்தியை வாசித்தார். எனக்கு நாலு தடவை தொலைபேசி எடுத்தார். நான் அதை ஒலி நிறுத்திவிட்டுப் படுத்திருந்தேன். ஆறு நாற்பதுக்கு மரண அறிவித்தல் நேரம்.

புலம்பெயர் வானொலியில் மரண அறிவித்தல் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எத்தனையோ வீடுகளில் வயதானவர்கள் அந்தப் பத்து நிமிடத்துக்காகவே வானொலியைப் போடுகிறார்கள். அன்று மூன்று அறிவித்தல்கள். அதில் ஒன்றில் தகனக் கிரியையின் நேரம் வெள்ளிக்கிழமை பின்னேரம் மாறியிருந்தது, மதியம் இரண்டு மணி என்று இருந்ததைக் காலை பதினொன்றுக்கு ஆக்கியிருந்தார்கள். குடும்பத்தார் இரவே வந்து திருத்திய அறிவித்தலைப் பதிவு செய்து தந்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பதிவு கணினியில் பத்திரமாக இருந்தது, ஒலிக்கத்தான் முடியவில்லை. மேசையில் கிடந்தது முதல் நாள் எழுதிய கடதாசி. மாஸ்ரர் அதைத்தான் வாசித்தார். அவரிடம் வேறு என்ன இருந்தது?

நான் எட்டு மணிக்கு எழும்பித் தவறிய அழைப்புகளைப் பார்த்துவிட்டு ஓடினேன். முதலில் கணினியின் காதுகேட்பிக் குழியிலிருந்து ஒரு கம்பியை மேசைக்குக் கொடுத்தேன், ஒலி வந்தது, இரைச்சலோடு. திருத்திய அறிவித்தல் எட்டரைக்கு ஒலிபரப்பானது. பிறகு 4.18ஐ இணையத்திலிருந்து மறுபடி இறக்கி, இயக்கியைத் தைத்து, கணினியைப் பழையபடி எழுப்ப ஒன்பதரை ஆகிவிட்டது.

எட்டரை அறிவித்தலைக் கேட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். கேட்காதவர்களில் ஒருவர் வெரிபியில் இருப்பவர். இறந்தவரோடு ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஊர், ஐம்பது வருடத்துக்கு மேலான சிநேகம். ஆறு நாற்பதுக்குக் கேட்டுவிட்டு வானொலியை அணைத்துக் குளித்து வெளிக்கிட்டவர், நகரத்துக்கு ஒரு புகையிரதம், அங்கிருந்து டண்டினோங் பக்கம் இன்னொரு புகையிரதம் பிடித்து, ஒன்றரைக்கு மயானத்துக்கு வந்தார். அங்கே யாரும் இல்லை.

அடுத்த கிழமை அவரைப் போய்ப் பார்த்தேன். நான் யார், என்ன செய்தேன் என்று சொன்னேன். கெர்னல் என்றால் என்ன என்று அவருக்கு விளங்கப்படுத்த முயன்றேன், பாதியில் விட்டுவிட்டேன். தேத்தண்ணி தந்தார். “முகத்தைப் பாக்கேல்லை, அவ்வளவுதான்” என்றார். பேச்சை மாற்றி, எனக்கு எந்த ஊர் என்று கேட்டார்.

அந்தக் கணினியை அதன் பிறகு எப்படி வைத்திருக்கிறேன் என்பதை இனிச் சொல்கிறேன். இப்போது அதில் உபுண்டு 24.04. விண்டோஸ் போய்விட்டது. உங்கள் வீட்டுக் கணினியிலும் இதைச் செய்யலாம்.

எதைத் தொடுவதற்கும் முன்னர் இப்போது எந்தக் கெர்னலில் ஓடுகிறோம் என்று பார்ப்பேன். ‘யூநேம்’ என்று எழுதி ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் ஆர் எழுத்தும். ஒரே வரியில் பதில் வரும். அந்த எண்ணைக் கடதாசியில் எழுதிக்கொள்வேன். அது அழிக்கக் கூடாத எண்.

பழையவற்றை ஒன்றுமே அழிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூட் அடைவைத் தனிப் பிரிவாக வைத்திருப்பவர்களுக்கு அது சின்ன அறை. ஒவ்வொரு கெர்னலோடும் வரும் துணைக்கோப்புப் பெரியது. அறை நிறைந்தால் அடுத்த புதுப்பிப்பு பாதியில் நின்றுவிடும், அது இன்னொரு விதமான தலையிடி. ஆனால் கையால் ஒவ்வொன்றாகத் தேடி நீக்காதீர்கள். ‘ஆப்ட் ஓட்டோரிமூவ்’ என்ற கட்டளை ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலையும் ஆகப் புதியதையும் விட்டுவிட்டு மிகுதியைத்தான் நீக்கும். அது என்னைவிட நிதானமானது. ஃபெடோரா பாவிப்பவர்களுக்கு இந்த வேலையும் இல்லை. மூன்று கெர்னல்களை வைத்துக்கொண்டு அதற்கு மேற்பட்டதைத் தானே நீக்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். அந்த மூன்றைக் குறைக்காதீர்கள்.

அடுத்தது, எந்த வரியில் எழும்புவது என்பது. ‘ஈடிசி’ அடைவு, அதற்குள் ‘டிஃபோல்ட்’, அதற்குள் ‘கிரப்’ என்ற கோப்பு. இதுதான் நாம் கைவைக்க வேண்டிய இடம். பூட் அடைவுக்குள் கிரப்பின் முடிவான பட்டியல் கோப்பு ஒன்று இருக்கும், அதைத் திருத்தாதீர்கள். அதன் தலையிலேயே திருத்த வேண்டாம் என்று எழுதியிருக்கும். திருத்தினாலும் அடுத்த புதுப்பிப்பில் அழிந்துவிடும்.

அந்தக் கோப்பில் ‘கிரப் டிஃபோல்ட்’ என்ற வரிக்கு எதிரே சாதாரணமாகப் பூச்சியம் இருக்கும். கிரப் பூச்சியத்திலிருந்து எண்ணும், ஆகவே பூச்சியம் என்றால் முதல் வரி. முதல் வரி எப்போதும் ஆகப் புதிய கெர்னல். அதாவது நேற்று வந்து இறங்கிய, நீங்கள் பார்த்தேயிராத கெர்னலில்தான் நாளை உங்கள் கணினி எழும்பும். வீட்டுக் கணினிக்கு அது பரவாயில்லை. காலை ஆறு மணிக்கு எழும்பியே ஆக வேண்டிய கணினிக்குக் கூடாது. சிலர் பூச்சியத்தை எடுத்துவிட்டு இரண்டு, மூன்று என்று போடுவார்கள். அதுவும் சரிவராது. மேலே ஒரு புதிய வரி வந்தவுடன் எல்லா எண்களும் ஒன்றால் தள்ளிப் போய்விடும். மூன்றாம் வீட்டுக்காரர் என்று விலாசம் எழுதினால், தெருவில் இன்னொரு வீடு கட்டியதும் கடிதம் வேறு வீட்டுக்குப் போகும்.

நான் அங்கே ‘சேவ்ட்’ என்று எழுதியிருக்கிறேன். நான் குறித்துத் தரும் வரியை ஞாபகம் வைத்துக்கொள் என்று பொருள். பிறகு ‘கிரப் செட் டிஃபோல்ட்’ என்ற கட்டளையோடு, சோதித்து முடிந்த கெர்னலின் வரியை அதன் முழுத் தலைப்போடு கொடுக்கிறேன். எண் அல்ல, பெயர். கெர்னல் வரி உட்பட்டியலுக்குள் இருந்தால் உட்பட்டியலின் தலைப்பையும் முன்னால் எழுதி, இரண்டுக்கும் இடையில் பெரியது என்ற கணிதக் குறியைப் போட வேண்டும். எனக்கு அந்தச் சிக்கல் வேண்டாம் என்பதால் ‘கிரப் டிசேபிள் சப்மெனு’ என்ற வரியைச் சேர்த்து உட்பட்டியலையே எடுத்துவிட்டேன். ‘கிரப் டைம்அவுட்’ ஐந்து விநாடி, ‘டைம்அவுட் ஸ்டைல்’ மெனு. மீட்புமுறை வரிகளையும் நினைவகச் சோதனையையும் மறைத்துவிட்டேன். எதைத் திருத்தினாலும் கடைசியில் ‘அப்டேட் கிரப்’ ஓட வேண்டும். அதை மறந்துவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று எனக்கு மின்னஞ்சல் எழுதியவர்கள் பலர்.

இப்போது திரையில் தெரிவது இரண்டு வரி, சில மாதங்களில் மூன்று. மாஸ்ரர் கேட்ட ஒரு கதவு இல்லைத்தான். அவரிடம் காரணத்தைச் சொன்னேன். “அப்ப ரெண்டாவது கதவு கோடிப்புறக் கதவு” என்றார். சரியான பெயர். எல்லாரும் வாசலால்தான் போய் வருவோம், ஆனால் கோடிப்புறக் கதவை அடைத்துக் கல்லுக்கட்ட மாட்டோம்.

புதிய கெர்னலைச் சோதிப்பதற்கு ‘கிரப் ரீபூட்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. நான் அறிந்ததில் மிகப் பிரயோசனமானது இதுதான். அடுத்த தடவை மட்டும் இந்த வரியில் எழும்பு, அதற்கடுத்த தடவை வழமையான வரிக்குத் திரும்பிவிடு என்று இதனால் சொல்லலாம். ‘சேவ்ட்’ என்று அமைத்திருந்தால்தான் இது ஒழுங்காக வேலை செய்யும். நிகழ்ச்சி இல்லாத செவ்வாய் இரவுகளில் இதைச் செய்கிறேன். புதியதில் எழுப்பி, ஒரு பாட்டை ஒலிக்கவிட்டு, ஒரு பதிவு செய்து, தையல்காரரின் குறிப்பேட்டையும் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்றால் மட்டும் அதை நிரந்தர வரியாக்குகிறேன். சரியில்லை என்றால் கணினியை அணைத்துப் போட்டால் போதும், பழையதில் எழும்பும்.

ஒரு நேயர் கேட்டிருந்தார், அப்படியென்றால் பழைய கெர்னலிலேயே நின்றுவிடலாமே, ஏன் புதுப்பிக்க வேண்டும் என்று. கூடாது. கெர்னல் புதுப்பிப்புகளில் பெரும்பகுதி பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பவை. இணையத்தோடு இணைந்த கணினியை ஒரு வருடம் பழைய கெர்னலில் ஓடவிடுவது, கோடிப்புறக் கதவைத் திறந்து வைத்துவிட்டு நித்திரைக்குப் போவது. ஒன்று, இரண்டு கிழமை தாமதிக்கலாம், அதற்கு மேல் எனக்கு மனம் வராது.

2006, 2007 காலத்திலிருந்து லினக்ஸ் பாவிக்கும் பழைய கைகள் ஒன்றிரண்டு பேர் இருக்கிறீர்கள். தபாலில் இலவசமாக உபுண்டு தட்டு வந்த காலம். அன்று பட்டியல் கோப்பிலேயே ‘ஹவ்மெனி’ என்று ஒரு வரி இருந்தது, எத்தனை கெர்னல் காட்ட வேண்டும் என்று அதில் எழுதலாம். வரிக்கு முன்னால் ஒரு கட்டக்குறி இருக்கும். அதை எடுக்கக் கூடாது, கட்டக்குறியோடுதான் அந்த வரி வேலை செய்யும். நான் அதை எடுத்துவிட்டு ஒரு பின்னேரம் முழுக்க மண்டையை உடைத்தேன். உபுண்டு 2009 ஒக்டோபரில் கிரப் 2க்கு மாறியபோது அந்த வரி போய்விட்டது. இன்றைய கிரப்பில் அதற்கு நேரான அமைப்பு இல்லை. எத்தனை காட்டுவது என்பதை இப்போது எத்தனை வைத்திருக்கிறோம் என்பதுதான் தீர்மானிக்கிறது. பழைய புத்தகத்தைப் பார்த்து அந்த வரியைத் தேடாதீர்கள்.

பட்டியல் தெரியாமல் மறைந்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய வகைக் கணினியில் போட்டவுடன் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். புதிய வகையில் எஸ்கேப் விசையை ஒரு தடவை அழுத்துங்கள். பலமுறை அழுத்தினால் கட்டளை வரிக்குப் போய்விடும், பயப்பட வேண்டாம், ‘நோர்மல்’ என்று எழுதினால் பட்டியல் திரும்ப வரும். ஒன்றும் உடையாத ஒரு நாளில் இதைச் செய்து பாருங்கள். உடைந்த நாளில் கை நடுங்கும்.

கலையகச் சுவரில் இப்போது பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மாஸ்ரரின் கையெழுத்து. ‘பாட்டு வராவிட்டால் கணினியை அணைத்துப் போட்டு இரண்டாவது வரி.’ அதற்குக் கீழே எனது தொலைபேசி எண், அதற்கும் கீழே எனது மனைவியின் எண். பக்கத்தில் ஓர் ஆணி. மரண அறிவித்தல்களைக் கடதாசியில் எழுதி அதில் குத்தி வைக்கிறோம். நேரம் மாறினால் பழைய கடதாசியைக் கிழித்துவிட்டுத்தான் புதியதைக் குத்த வேண்டும் என்பது மாஸ்ரரின் கட்டளை. பழையதை எறியலாம் என்று இந்தக் கலையகத்தில் சொல்லக் கூடிய இடம் அது ஒன்றுதான்.

வருகிற செவ்வாய் இரவு ஒரு புதிய கெர்னலை எழுப்பிப் பார்க்க இருக்கிறேன். உங்கள் கேள்விகளை வழமைபோல நிலையத்தின் முகவரிக்கு எழுதுங்கள்.